பதினோரு விநாடி மௌனத்தில் ஒரு மேண்டலின்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று காலை 7:10 நிலவரப்படி ஒலிப்பதிவை 41,300 பேர் கேட்டிருக்கிறார்கள். ஆதாரம்: எங்கள் செய்தி இணையப் பக்கத்தின் எண்ணிக்கை. கீழே 186 கருத்துகள் இருந்தன. எல்லாவற்றையும் படித்தேன். அறுபதாவதோ அறுபத்தொன்றாவதோ இப்படி இருந்தது: "பின்னால மேண்டலின் வாசிக்கிறது யாருங்க? அருமையான கை." எழுதியவர் பெயர் இல்லை. ரோஜாப்பூ படம் மட்டும்.

தேநீரை அடுப்பில் மறந்துவிட்டேன். பாத்திரம் கருகிவிட்டது.

பின்னால் இந்தக் குறிப்பைப் படிக்கும்போது எனக்கே குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். செப்டம்பர் 18 அன்று ஊருக்கு வெளியே உள்ள மாட்டுத் தீவன ஆலையில் பாய்லர் வெடித்தது. இசக்கிராசு, பலவேசம், மாடத்தி என்று மூன்று பேர் இறந்தார்கள். தானாக அழுத்தம் கூடியதால் நடந்த விபத்து என்றது ஆலை. ஆலையில் ஆட்களின் வருகையும் ஷிப்டும் எழுதும் டைம் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வேறு விதமாகச் சொன்னார். சேஃப்டி வால்வு திறக்க முடியாதபடி இரண்டு நாளாகக் கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருந்தது. வெடித்த மறுநாள், இரண்டு வாரத்துப் பாய்லர் பதிவேட்டை உட்கார வைத்துப் புதிதாக எழுத வைத்தார்கள். எழுதியது அவர் கைதான்.

அவர் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. 'தகவல் தந்தவர்' என்றே இருக்கட்டும்.

அவர் குரலை மாற்றி, ஒரு நிமிடம் நாற்பது விநாடிக்கு வெட்டி, நேற்று வெளியிட்டோம். 48ஆவது விநாடியில் மாடத்தியைப் பற்றிக் கேட்கிறேன். அவர் பேசவில்லை. பதினோரு விநாடி மௌனம். பிறகு, "அவளை அந்த ஷிப்டுக்கு மாத்திப் போட்டது நான்தான்" என்கிறார். அந்த மௌனத்தில்தான் மேண்டலின் கேட்கிறது.

ஒலிப் பிரிவில் இருக்கும் அசன்கனியை அழைத்தேன்.

"அக்கா, குரல் இருக்கிற எடத்துலதான் குரலை மாத்துனேன். அங்க குரலே இல்லையே."

"அப்ப மேண்டலின்?"

"அது அப்படியே இருக்கு. அந்த வீட்ல வாசிச்ச மாதிரியே."

தகவல் தந்தவர் வீட்டில் பதிவு செய்த அன்று பக்கத்து அறையில் யாரோ வாசித்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் நினைவில்லை. அந்த இடத்தை அசன் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

நவம்பர் 5, புதன்

மழை. துணி காயவில்லை. குக்கர் வைக்காமல் பாத்திரத்திலேயே சோறு வடித்தேன்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று அந்தக் கருத்தை நீக்கச் சொன்னேன். இன்று காலை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், "மேண்டலின் கமெண்ட்டை ஏன் தூக்குனீங்க?" முப்பத்து மூன்று வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். நீக்கிய இடத்தைத்தான் ஆட்கள் உற்றுப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மௌனத்தை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றினோம். பழைய பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் தங்கையே அனுப்பினாள், "அந்த இடத்துல அழுதுட்டேன் வடிவக்கா" என்று.

காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அந்தப் பதினோரு விநாடியை மட்டும் இருபது தடவைக்கு மேல் கேட்டேன். முதல் இரண்டு விநாடி ஏதோ ஒரு பாட்டின் வால். பிறகு ஒரே ஒரு கம்பி தட்டப்படுகிறது. அதன் பிறகு எதுவும் இல்லை. அந்த ஒரு ஒலி மட்டும் நின்றுகொண்டே இருக்கிறது. போனில் நேரம் பிடித்தேன். ஆறு விநாடி.

மேண்டலின் என்றால் படபடவென்று வாசிப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். ஒரு தட்டு ஆறு விநாடி நிற்குமா என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும். அது எல்லா மேண்டலினுக்கும் உள்ள சத்தம் என்றால் பயமில்லை, இது யார் வீட்டு மேண்டலின் என்று யாராலும் சொல்ல முடியாது.

நவம்பர் 7, வெள்ளி

தகவல் தந்தவரை நான் அழைப்பதில்லை. அவர்தான் அழைப்பார், வேறு யாருடைய போனிலிருந்தாவது. மூன்றாம் தேதிக்குப் பிறகு அழைக்கவில்லை.

தெருமுனையில் காலை ஒன்பதிலிருந்து சாம்பல் நிற மோட்டார் சைக்கிள். ஒரு ஆள் அதிலேயே உட்கார்ந்திருந்தான். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டேன். பத்தேகாலுக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் திறக்கவில்லை. "யம்மா, கேஸ் ட்யூப் செக்கிங்!" என்று கத்தினான். பிறகு கீழ்வீட்டுக்காரரிடம், "மாடியில ஆளு இருக்கு, தெறக்க மாட்டேங்குது. கோவமா?" என்று விசாரித்தது என் காதில் விழுந்தது.

மாடத்தியின் தங்கை காவல் நிலையத்தில் புகார் கொடுத்த நான்காம் நாள் அவள் வீட்டுக் கூரை எரிந்தது. ஆலைத் தரப்பில் மின்கசிவு என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு ஒரு மாதமாக மின் இணைப்பு இல்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், நான் கதவைத் திறக்காதது கிறுக்குத்தனம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக.

நவம்பர் 8, சனி

திருத்தம். நவம்பர் 4ஆம் தேதிக் குறிப்பில், மௌனம் உள்ள இடத்தை அசன் கவனிக்காமல் விட்டதாக எழுதியிருந்தேன். அது சரியல்ல. அசன் கவனித்தார். "அக்கா, இது நீளமா இருக்கு, வெட்டிருவோமா?" என்று கேட்டார். வெட்டாதே, அதுதான் செய்தி என்று சொன்னது நான்.

நவம்பர் 10, திங்கள்

நாகர்கோவில் போய் வந்தேன். இங்கே பாளையங்கோட்டையில் விசாரிக்கப் பயமாக இருந்தது. தென் மாவட்டங்களில் மேண்டலின் பழுது பார்ப்பவர் யார் என்று தேடினால் முதலில் வருகிற பெயர் தொபியாஸ். அறுபது வயது இருக்கும். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. கடை ஒரு பேருந்தின் அகலம்தான்.

கட்டுரை எழுதுவதாகச் சொன்னேன். மேண்டலினில் ஒலி எவ்வளவு நேரம் நிற்கும், எதனால் நிற்கும், ஒன்றின் சத்தத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"கட்டுரைக்கா? நல்லது. இருங்க," என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார். ஒரு மேண்டலினை மடியில் வைத்துக்கொண்டார்.

"எட்டுக் கம்பி. ரெண்டு ரெண்டாக் கெட்டியிருக்கும். நீங்க ஒரு தட்டு தட்டுனா கம்பிக்குள்ள கொஞ்சம் பலம் ஏறும், கேட்டியளா? அந்தப் பலம் இந்த பிரிட்ஜ் வழியாத்தான் பலகைக்கு இறங்கணும்." கம்பிகள் ஏறி உட்கார்ந்திருந்த சின்ன மரத்துண்டைக் காட்டினார். "பலகை ஆடுனாத்தான் நமக்குச் சத்தம். பலம் சட்டுனு இறங்கிச்சுன்னா சத்தம் பெருசா வரும், உடனே செத்துப் போவும். மெதுவா இறங்கிச்சுன்னா சத்தம் சின்னது, ஆனா நிக்கும்."

"பெருசாவும் நிக்கணும்னா?"

"அப்படி இருக்குன்னு சொல்லி விக்குதவன் இருக்கான். வாங்குதவனும் இருக்கான்."

தட்டினார். நான் போனில் நேரம் பிடித்தேன். காதுக்கு எட்டியவரை 3.2 விநாடி. பிறகு கொடியில் கிடந்த துணிக் கிளிப்பை எடுத்து அந்த மரத்துண்டில் மாட்டினார். தட்டினார். சத்தம் குறைந்தது, மங்கியது, ஆனால் 4.6 விநாடி நின்றது. கனம் ஏறினால் பிரிட்ஜ் எளிதில் அசையாது, அசையாவிட்டால் கம்பியில் உள்ள பலம் கம்பியிலேயே தங்கும் என்றார். அடுத்து அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பா. உள்ளே பித்தளையில் வார்த்த ஒரு பிரிட்ஜ். கம்பிகளைத் தளர்த்தி மரத்தை எடுத்துவிட்டு அதை வைத்தார். பிரிட்ஜை ஒட்டுவதில்லையாம், கம்பியின் அழுத்தத்திலேயே நிற்குமாம். பத்து நிமிடத்தில் முடிந்தது.

5.9 விநாடி.

தொனியும் வேறு. மரத்தில் கேட்டது பேச்சுக் குரல் மாதிரி இருந்தது. பித்தளையில், எவர்சில்வர் தட்டைச் சுண்டிவிட்டு விரலை எடுத்தது மாதிரி. அந்தப் பதினோரு விநாடியில் நான் கேட்டது இந்தத் தொனிதான்.

பதினோரு விநாடித் துண்டை மட்டும் போனில் வைத்திருந்தேன். போட்டுக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"திருப்பிப் போடுங்க."

போட்டேன்.

"கம்பி ரெண்டும் லேசா சுருதி விலகி நிக்கி, அதான் ஊங் ஊங்னு ஒரு ஆட்டம் கேக்குது. அது ஒண்ணுமில்ல, முறுக்குனா போயிரும். ஆனா இந்த நிப்பு இருக்கே, இது நான் போட்ட பித்தளையாக்கும்."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"டி கம்பின்னு சொல்லுத இந்த ஜோடிக்குக் கீழ கொஞ்சம் கூடுதலா கனம் வச்சு வார்ப்பேன். என் கைப்பழக்கம். வேற யாரும் அப்படிச் செய்யுததில்ல. மூணு பேருக்குத்தான் போட்டுக் குடுத்திருக்கேன். ஒருத்தர் துபாய்க்குப் போயி அங்கேயே இருக்காரு. ஒருத்தர் செத்துப் போனாரு, அவருக்க மேண்டலினும் பித்தளையும்தான் இப்ப எம் மடியில இருக்கது. மூணாவது ஆளு..."

கையைத் தூக்கித் தடுத்தேன். "பெயர் சொல்லாதீர்கள்."

அவர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மூக்கில் மாட்டிக்கொண்டார். "நீங்க பேரு வேண்டாம்ங்கிய. வியாழக்கெழம வந்தவரு பேரு மட்டும் போதும்னாரு."

அந்த முக்காலி ஆடுகிற முக்காலி. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தவர் நல்ல மரியாதையான ஆளாம். மழையில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாராம். இதே சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டி, ரொம்பப் பிடித்திருக்கிறது, இதே மாதிரி ஒன்று எனக்கும் வேண்டும், இதை வைத்திருப்பவரிடம் போய் ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும் என்றாராம். தொபியாஸ் பித்தளை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். யாருக்குப் போட்டோம் என்பது பழைய நோட்டில் இருக்கும், தேட வேண்டும் என்றிருக்கிறார். தேடி வையுங்கள், பதினேழாம் தேதி திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"நோட்டைத் தேட வேண்டாமே உங்களுக்கு?"

"வேண்டாம். ஆனா அப்பம் ஏனோ சொல்லத் தோணல."

நான் யார் என்று சொன்னேன். கட்டுரை என்றது பொய் என்றும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அது செய்தியில வந்த சத்தம்னு தெரியும். எம் மவ போன்ல வச்சிருக்கா." பிறகு, "நான் சபையில பிரசங்கம் பண்ணுத ஆளு. கேட்டா பொய் சொல்ல வராது. நோட்டைக் கிழிக்கச் சொல்லுதியளா?"

சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது உண்மை. சொல்ல வாய் வந்தது என்பதும் உண்மை.

நவம்பர் 11, செவ்வாய்

வீட்டில் இருந்த பழைய இசை அகராதியில் பார்த்தேன். ஒலி நின்று நீள்வதற்குக் கார்வை என்று பெயர் போட்டிருக்கிறது. பயனில்லாத தகவல். ஆனாலும் குறித்துக்கொள்கிறேன்.

மாடியில் தண்ணீர் இறங்கி அலமாரிக்குப் பின்னால் சுவர் ஊறியிருக்கிறது. பழைய குறிப்பேடுகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். யாராவது உள்ளே வந்தால் முதலில் இவற்றைத்தான் எடுப்பார்கள். இந்த நோட்டையும்.

நவம்பர் 13, வியாழன்

நேற்று மாலை தகவல் தந்தவர் அழைத்தார். இன்று காலை கண் ஆஸ்பத்திரியில் சந்தித்தோம். எனக்குச் சொட்டு மருந்து போடும் நாள். வரிசையில் அவர் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணில் மருந்து விட்ட பிறகு இருபது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்வார்கள். நான் அவரைப் பார்க்காமலேயே பேசினேன். அது வசதியாகத்தான் இருந்தது.

பித்தளையைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை பத்து மணியைப் பற்றிச் சொன்னேன்.

"அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா," என்றார். கணவரைச் சொல்கிறார். மேண்டலின் வாசிப்பவர் அவர்தான். ஞாயிறு தோறும் கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவோடு வாசிக்கிறார். "யாரோ லேபர் ஆபீஸ்ல இருந்து பேச வாராகன்னுதான் அன்னைக்குச் சொன்னேன்."

"பிரிட்ஜை மாற்றிவிட்டால்? மரம் போட்டால் சத்தம் வேறாகிவிடும். பத்து நிமிட வேலை."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "கோயில்ல இருநூறு குடும்பம்க்கா. இருபத்திரண்டு வருசமா அந்தச் சத்தத்தைத்தான் கேக்குதாக. மாத்துன மறு நிமிசம், என்னாச்சு மேண்டலினுக்கு, ஏன் மாத்துனியன்னு அத்தனை பேரும் கேப்பாகளே. அதுல ஆலையில வேலை பாக்குறவுக முப்பது பேராவது இருப்பாக."

இதை நான் யோசிக்கவில்லை. வைத்திருந்தாலும் அடையாளம், மாற்றினாலும் அடையாளம்.

"அவுக இப்ப ஒரு வாரமா வீட்ல வாசிக்கதே இல்ல. கம்பி அறுந்து போச்சுன்னாக. பாத்தேன், அறுந்த மாதிரி தெரியல."

நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். கண்ணைத் திறந்தபோது பக்கத்து நாற்காலி காலி.

நவம்பர் 14, வெள்ளி

இன்றும் குக்கர் வைக்கவில்லை. வெடிக்கும் என்று இல்லை. அந்த விசில் சத்தத்துக்கு முன்னால் வருகிற உஸ்ஸென்ற இரைச்சலைத் தாங்க முடியவில்லை.

நவம்பர் 15, சனி

காலை பதினொன்றரைக்கு, நல்ல மழையில், தகவல் தந்தவரின் கணவர் என் வீட்டுக்கு வந்தார். முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உரச்சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்தேன். அவர் என்ன வேலை செய்கிறார், எப்படி இருப்பார் என்பதையெல்லாம் எழுதவில்லை.

உரச்சாக்கைப் பிரித்து மேண்டலினை மேசை மேல் வைத்துவிட்டு, தலையைத் துவட்டக்கூட இல்லாமல் பேச ஆரம்பித்தார்.

"முந்தா நாளு அவ எல்லாத்தையும் சொல்லிட்டா. எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. மூணாந்தேதி டீக்கடையில ஒருத்தன் போன்ல போட்டான். எம் மேண்டலின் எனக்குத் தெரியாதா? டீயை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்."

"அவர் உங்களுக்குத் தெரியாது என்றாரே?"

"அவளுக்குத் தெரியாதது அதுதான். லேபர் ஆபீஸ்ல இருந்து வாராகன்னா. லேபர் ஆபீஸ் ஆளு எங்கயாவது பையில மைக்கு கொண்டாருவாகளா? நீங்க படியேறும்போதே எனக்கு வெளங்கிட்டு. எங்க வீட்டுச் சுவரு அரைக்கல்லு, மெல்லிசு. அந்தப் பக்கத்து வீட்ல ரெண்டு பேரு ஆலைக்குப் போறவுக. இவ பேசுறது அங்க கேட்டுரக் கூடாதுன்னுதான் மேண்டலினை எடுத்தேன். நீங்க இருந்த நேரம் பூரா விடாம வாசிச்சேன்."

துண்டை எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

"அப்புறம் திடீர்னு இவ சத்தம் நின்னு போச்சு. எனக்குக் கை ஓடல. அழுதாளோ, என்னமும் ஆச்சோன்னு காதைக் குடுத்தேன். கடைசியாத் தட்டுன கம்பி அது பாட்டுக்கு நின்னுது. அமுக்கியிருக்கணும். இப்படி உள்ளங்கைய வச்சா உடனே செத்துரும்." கம்பி மேல் கையை வைத்துக் காட்டினார். "அமுக்கத் தோணல. அவ பேசுறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் போன பிறகு எழுதலாம் என்று வைத்திருந்த திருத்தத்தை, அவரிடமே முதலில் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன். நவம்பர் 4ஆம் தேதிக் குறிப்பில், பக்கத்து அறையில் யாரோ வாசித்தது நினைவிருக்கிறது, அதற்கு மேல் நினைவில்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். பதிவைத் தொடங்கும் முன் தகவல் தந்தவர் கேட்டார், "நிறுத்தச் சொல்லவாக்கா?" இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பிற்பாடு அசன் வெட்டலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றதற்கும் செய்தி மட்டும் காரணமில்லை. அந்த மௌனமும் அதற்குள் நிற்கிற அந்தச் சத்தமும் சேர்ந்தால் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கீழே என் பெயர் இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லா இருக்குன்னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுதுக்கா. அதனாலதான் கொஞ்சம் நல்லாவே வாசிச்சேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் முதலில் நிறுத்தினார்.

அவர்கள் இருவரும் நேற்றே பேசி முடித்திருக்கிறார்கள். வெடிவிபத்து பற்றிய கோட்டாட்சியர் விசாரணை திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. யார் வேண்டுமானாலும் நேரில் வாக்குமூலம் தரலாம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. தகவல் தந்தவர் தன் பெயரிலேயே போய்ச் சொல்லப் போகிறார். வழக்கறிஞர் ஒருவர் கூட வருகிறார்.

"ஆலை ஆளுக அவுகளா கண்டுபிடிச்சு வந்தா நாங்க வீட்டுக்குள்ள தனியா இருப்போம். நாங்களே போயிச் சொன்னா நாலு பேரு முன்னால நிப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்," என்றார்.

"நாளைக்குக் கோயிலுக்குப் போக வேண்டாமே. ஒரு நாள்."

"இருபத்திரண்டு வருசத்துல ஒரு ஞாயித்துக்கெழம தப்புனதில்ல. நாளைக்கு நான் வாசிக்கலைன்னா அதுவே பதில் சொன்ன மாதிரி ஆயிரும். பித்தளையோடதான் வாசிப்பேன். நீங்க வந்து உக்காருங்க. யாரு திரும்பிப் பாக்கான்னு பாருங்க. நான் வாசிச்சுக்கிட்டே பாக்க முடியாது."

தேநீர் வேண்டாம் என்றுவிட்டார். மேண்டலினை மறுபடி சாக்கில் சுற்றினார். படியில் இறங்கும்போது கேட்டார், "அந்த நாகர்கோயில் அண்ணாச்சி நல்லா இருக்காரா?"

நவம்பர் 16, ஞாயிறு

ஆராதனை காலை எட்டரைக்கு. எட்டு பத்துக்கே போய்விட்டேன். பெண்கள் பக்கம், கடைசி வரிசை, தூணுக்கு அருகே. அங்கிருந்து ஆண்கள் பக்கம் முழுவதும் தெரியும். பக்கத்தில் இருந்த அம்மாள் பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார். "புதுசாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

தகவல் தந்தவர் முன்னாலிருந்து நான்காம் வரிசை. நீலச் சேலை. ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை.

முதல் பாட்டிலும் இரண்டாம் பாட்டிலும் மேண்டலின் தனியாகக் கேட்கவில்லை. ஆர்மோனியமும் தபேலாவும் பாடுகிறவர்களும் அதை மூடியிருந்தார்கள். தகரக் கூரையில் மழையும் கொட்டியது. இன்று முழுக்க இப்படியே கொட்டட்டும் என்று நினைத்தேன்.

காணிக்கைப் பை வரும்போது மேண்டலின் மட்டும் வாசிப்பது அங்கே வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மழை அதற்குள் விட்டிருந்தது. அவர் ஒரு மெல்லிய மெட்டை எடுத்தார். மூன்று நிமிடம் இருக்கும். நான் அவரைப் பார்க்கவில்லை, சொன்னபடி ஆட்களைத்தான் பார்த்தேன். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் பையில் சில்லறை தேடினார். பலர் கண்ணை மூடியிருந்தார்கள்.

கடைசித் தட்டு டி கம்பியில்.

மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. அவர் உள்ளங்கை கம்பிக்கு மேலே வந்தது. மூன்று. கை அங்கேயே நின்றது, இறங்கவில்லை. நான்கு. ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்த ஒருவர் திரும்பினார். ஐந்து. அவர் பாடகர் குழுவைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தார். வரிசை வரிசையாகத் தேடி, நான்காம் வரிசையில் நிறுத்தினார். ஆறு.

தகவல் தந்தவர் தலையைக் குனியவில்லை. அவரையே திருப்பிப் பார்த்தார்.

ஜெபத்துக்கு எல்லோரும் முழங்காலில் நின்றபோது அந்த ஆள் வெளியே போனார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மாட்டும்போதே போனைக் காதில் வைத்தார். பக்கத்து அம்மாளிடம் யார் அது என்று கேட்டேன். "ஆலையில லாரி செக்ஷனைப் பாக்குத தம்பி. நல்ல பையன், வாரா வாரம் வருவான்," என்றார். பெயரும் சொன்னார். அந்தப் பெயரை எழுதி, நேரத்தையும் எழுதி, ஒரு பிரதி வழக்கறிஞருக்கும் ஒன்று எங்கள் ஆசிரியருக்கும் அனுப்பிவிட்டேன். அனுப்பிய நேரம் 10:52.

பிற்பகல் மூன்றுக்குத் தொபியாஸ் அழைத்தார். கடையை நாளைக்குத் திறப்பதா வேண்டாமா என்று ஜெபித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். காலையில் அந்த ஆள் திரும்பிப் பார்த்த பிறகு, இனிமேல் திறந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு உறுதியாகத் தெரியாது.

தகவல் தந்தவரும் கணவரும் கோயிலிலிருந்து நேராக வழக்கறிஞர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 12:40க்கு வழக்கறிஞர் குறுஞ்செய்தி அனுப்பினார். நாளை காலை அங்கிருந்தே கிளம்புகிறார்கள். அவர்கள் வீடு பூட்டியிருக்கிறது. ஓட்டு வீடு. பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

தெரிய வேண்டியவை: நாகர்கோவிலில் அந்த மரியாதையான ஆள் வருகிறாரா என்பது நாளை பத்து மணிக்கு. விசாரணை பதினோரு மணிக்கு. அதற்கு முன் வழக்கறிஞர் வீட்டிலிருந்து சாலையில் முப்பத்தைந்து நிமிடப் பயணம். நானும் அந்த வண்டியில் ஏறுகிறேன்.

இப்போது மாலை 4:20. விசாரணைக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் நாற்பது நிமிடம். கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். நாளை அங்கே அவரே எழுந்து தன் பெயரைச் சொன்ன பிறகு அதில் அதை எழுதுவேன்.

தகவல் தந்தவர்: